ஆற்றுக்கு ஒரு ரூபாய், கரிசலுக்கு எட்டணா

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகிற பஸ்ஸில் பாதிப்பேர் முருகனைப் பார்க்கப் போகிறவர்கள். முத்தையாபுரம் தாண்டினால் ஸ்பிக் நகர் நிறுத்தம். காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் அம்மோனியா நெடி பஸ்ஸுக்குள் வரும். யாராவது ஒரு குழந்தை மூக்கைப் பொத்தும். ஸ்பிக் உர ஆலைக்குக் கிடைக்கிற கவனம் அவ்வளவுதான். விவசாயிக்கென்று அரசு ஒதுக்குகிற பணம் இந்த மாவட்டத்தில் எந்தெந்த வழியாகப் போகிறது என்று பார்க்கக் கிளம்பியிருந்தேன். வயலுக்குப் போகுமுன் இங்கே இறங்கிக்கொண்டேன்.

காரணம் இருக்கிறது. 1975-ல் உற்பத்தி தொடங்கிய யூரியா ஆலை இது. நெடுங்காலம் நாப்தாவை நம்பி ஓடியது. 2021-ல் ராமநாதபுரத்திலிருந்து குழாய் வந்த பிறகு இயற்கை எரிவாயுவுக்கு மாறியது. இங்கிருந்து லாரி ஏறுகிற 45 கிலோ மூட்டையைக் கடையில் 266 ரூபாய் 50 காசுக்கு விற்க வேண்டும் என்பது அரசு வைத்த விலை. அதைத் தயாரிக்க ஆகிற செலவு பல மடங்கு. மிச்சத்தை மத்திய அரசு ஆலைக்குக் கொடுக்கிறது. உக்ரைன் போரால் விலை எகிறிய 2022-23-ல் நாடு முழுவதற்குமான உர மானியம் இரண்டரை லட்சம் கோடி ரூபாய். எல்லோரும் வாயில் வைத்துப் பேசுகிற பி.எம். கிசான் திட்டத்துக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 கோடிதான். நான்கில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் இரண்டாயிரம் ரூபாய் தவணை ஏறினால் போனில் மெசேஜ் வருகிறது. மேடையில் பொத்தானை அமுக்கிப் படம் எடுக்கிறார்கள். யூரியா மூட்டைக்குள் இருக்கிற பணத்துக்கு மெசேஜ் கிடையாது.

இன்னொரு கணக்கையும் இங்கேயே போட்டுவிடலாம். வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரைப்படி பாசன நெல்லுக்கு ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து. யூரியாவாகவே போட்டால் ஏக்கருக்கு மூன்று மூட்டைக்குக் கொஞ்சம் குறைவு. மானாவாரி உளுந்துக்குப் பரிந்துரை பன்னிரண்டரை கிலோ. ஏக்கருக்குக் கால் மூட்டை. இந்த மாவட்டத்தின் தெற்கில் தாமிரபரணியும் நெல்லும் வாழையும். வடக்கில் விளாத்திகுளம், புதூர், எட்டயபுரம் பக்கம் கரிசலும் உளுந்தும். ஆலை ஒன்றுதான், மூட்டையும் ஒன்றுதான். பணம் எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல ஜோசியக்காரன் வேண்டாம்.

ஸ்பிக் நகரிலிருந்து பழையகாயல், முக்காணி. அங்கே மேற்கே திரும்பினால் கொற்கை. பாண்டியரின் முத்துத் துறைமுகம் என்று பள்ளிக்கூடத்தில் படித்த அதே கொற்கைதான். இன்று கடல் பல கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல் துறையை மூடி வயலாக்கிவிட்டது. கப்பல் நின்ற இடத்தில் வாழை நிற்கிறது. பக்கத்துச் சிவகளையில் தாழிக்குள் கிடைத்த நெல்லின் வயது 3,200 ஆண்டு என்று 2021-ல் அறிவித்தார்கள். இந்த மண்ணில் நெல்லுக்கு அத்தனை பழைய உறவு. அரசாங்கம் என்ற ஒன்று வருவதற்கு எவ்வளவோ முன்னாலேயே இங்கே யாரோ நெல்லைக் கண்டிருக்கிறார்கள்.

ஏரலில் ஒரு உரக்கடையில் ஒதுங்கினேன். 2018-லிருந்து உரம் வாங்க ஆதார் எண்ணும் கைரேகையும் வேண்டும். விற்பனை அந்தச் சின்ன மெஷினில் பதிவான பிறகுதான் கம்பெனிக்கு மானியம் போகும். வாழைத்தோட்டத்திலிருந்து நேராக வந்த ஒருவர் பெருவிரலை வைக்கிறார், மெஷின் ஏற்கவில்லை. கறை படிந்து, தேய்ந்து போன விரல்.

“அண்ணாச்சி, தொடச்சிட்டு வைங்க.”

“தொடச்சுட்டுத்தாம்டே வச்சேன். ரேக இருந்தால்லா விழும்?”

நாலாவது விரலுக்கு மெஷின் மனமிரங்கியது. மூட்டையைச் சைக்கிளில் கட்டும்போது பேச்சுக் கொடுத்தேன். நிலம் குத்தகை. பட்டாக்காரர் சென்னையில். ஆண்டுக்கு 6,000 ரூபாய் கிசான் பணம் யாருக்கு வருகிறது என்று கேட்டேன். “அது அவுகளுக்குத்தான் வரும். பட்டா அவுக பேர்லல்லா இருக்கு” என்றார், இதில் கேட்க என்ன இருக்கிறது என்பது போல.

அந்த மெஷின் பட்டா கேட்கவில்லை என்பதைக் கவனித்தேன். விரல் மட்டும் போதும். குத்தகைக்காரர் கைக்குத் தடையில்லாமல் வருகிற பெரிய மானியம், மானியம் என்றே அவர் எண்ணாத இந்த யூரியாதான். உர மானியத்தைத் திட்டிக் கட்டுரை எழுதுகிற பொருளாதார நிபுணர்கள் (மண் கெடுகிறது, யூரியாவை அள்ளிக் கொட்டுகிறார்கள், இரண்டுமே உண்மை) இதையும் ஒரு வரி எழுதினால் தேவலை. மூட்டை விலையை ஏற்றிவிட்டு நிலக்காரர் கணக்கில் பணமாகப் போடலாம் என்று அவர்கள் சொல்கிற யோசனை நடந்தால், ஏரல் அண்ணாச்சி முழு விலை கொடுப்பார். சென்னைக்காரருக்கு மெசேஜ் போகும். 2025 பிப்ரவரியிலிருந்து தமிழ்நாட்டில் விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் கொடுக்க முகாம் போடுகிறார்கள். அதுவும் நில ஆவணத்தோடு சேர்த்துத்தான்.

பி.எம். கிசான் 2019 பிப்ரவரி 24-ல் கோரக்பூரில் தொடங்கிவைக்கப்பட்டது. அந்த மாதம் 1-ஆம் தேதி நிலப் பதிவேட்டில் யார் பெயர் இருந்ததோ அவருக்குத்தான் பணம். அதற்குப் பிறகு நிலம் கிரயம் வாங்கினால் கிடையாது, வாரிசாக வந்தால் உண்டு. உழுகிறவர் யார் என்ற கேள்வியே விதியில் இல்லை. தமிழ்நாட்டில் குத்தகை விவசாயியைப் பதிவு செய்ய 1969-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் நடப்பில் பெரும்பாலான குத்தகை வாய்ப்பேச்சில்தான் ஓடுகிறது. எழுதிக் கொடுத்தால் நிலம் கையைவிட்டுப் போய்விடும் என்று நிலக்காரருக்குப் பயம். எழுதிக் கேட்டால் அடுத்த வருஷம் நிலமே கிடைக்காது என்று உழுகிறவருக்குப் பயம்.

இந்தக் கோளாறு நமக்கு மட்டும் வந்ததில்லை. 1933-ல் அமெரிக்காவில் ரூஸ்வெல்ட் அரசு பருத்தி விலையைத் தூக்குவதற்காக, விளைந்து நின்ற செடியை உழுது அழிக்கச் சொல்லிப் பணம் கொடுத்தது. தெற்கு மாநிலங்களில் அந்தப் பணம் பண்ணைக்காரர் கைக்குப் போனது. வாரத்துக்கு உழுதவர்களுக்கு உரிய பங்கு பல இடங்களில் போய்ச் சேரவில்லை. பயிர்ப் பரப்பைக் குறைத்ததும் ஆளும் தேவையில்லை என்று குடும்பம் குடும்பமாக வெளியேற்றினார்கள். 1934-ல் ஆர்கன்சாஸ் மாநிலத்தில் கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாகச் சேர்ந்து குத்தகை விவசாயிகள் சங்கம் வைத்தது இதனால்தான். அண்மையில் ஒடிசா, 2018 டிசம்பரில் விவசாயிகளுக்குப் பண உதவி தரும் காலியா திட்டத்தை அறிவித்தபோது குத்தகைக்காரரையும் நிலமற்ற கூலி வீடுகளையும் சேர்த்தது. மனம் வைத்தால் விதியை மாற்றி எழுத முடியும் என்பதற்காகச் சொல்கிறேன். அங்கே எல்லாம் சரியாக நடந்தது என்று சொல்ல வரவில்லை.

ஏரலிலிருந்து ஆற்றோடு மேலே போனால் ஸ்ரீவைகுண்டம் அணை. தாமிரபரணியின் கடைசிப் பாசன அணைக்கட்டு. இங்கிருந்து வடகாலும் தென்காலும் பிரிகின்றன. ஆலைகளுக்குத் தண்ணீர் கொண்டுபோகப் போட்ட 20 எம்.ஜி.டி. (நாளுக்கு 20 மில்லியன் கேலன்) திட்டமும் இங்கிருந்துதான். யூரியா செய்யவும் இந்த ஆறு வேண்டும், யூரியா போட்ட நெல்லுக்கும் இந்த ஆறு வேண்டும். அணைக்குள் மணலும் சேறும் மேவிக் கிடந்ததும், தூர்வாரும் வழக்கு பசுமைத் தீர்ப்பாயம் வரை போனதும் ஊர் முழுக்கத் தெரிந்த கதை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளைப் பற்றிக் கேட்டால் இங்கே யாரும் சீக்கிரம் பேச்சை முடிப்பதில்லை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர். மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்கிற மழையைவிட அதிகம். ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு வெள்ளத்தில் மாட்டிக்கொண்டது. ஏரல் பாலத்தை ஆறு அறுத்துக்கொண்டு போனது. கோரம்பள்ளம் குளம் உடைந்து தூத்துக்குடி நகரம் மிதந்தது. வாழை சாய்ந்தது, வயலில் மணல் ஏறியது. கடுமையாகப் பாதித்த வட்டங்களில் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் என்று மாநில அரசு அறிவித்தது. பயிருக்குத் தனிக் கணக்கு. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சேதமானால் நெல் முதலான பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000. பல்லாண்டுப் பயிருக்கும் மரங்களுக்கும் 22,500. மானாவாரிக்கு 8,500.

17,000. 8,500. சரிபாதி. இதை அந்த வெள்ளத்துக்காக யாரும் புதிதாக யோசிக்கவில்லை. பேரிடர் நிதி விதியிலேயே அப்படித்தான் இருக்கிறது. பாசனப் பயிருக்குச் செலவு அதிகம், அதனால் ஈடும் அதிகம் என்பது அதிகாரிகள் தரப்பு நியாயம். தப்பென்று சொல்ல முடியாது. ஆனால் செலவைக் கணக்கெடுத்தவர்கள் துணிச்சலைக் கணக்கெடுக்கவில்லை. கரிசல்காரன் ஒரே ஒரு மழையை நம்பி விதை போடுகிறான். அது பொய்த்தால் திறந்துவிட அவனுக்கு அணை கிடையாது.

வாகைக்குளம் வழியாக ஓட்டப்பிடாரம், குறுக்குச்சாலை, எட்டயபுரம் என்று வடக்கே போகப் போக மண் நிறம் மாறுகிறது. விளாத்திகுளம் தாண்டிப் புதூர்ப் பக்கம் கண்ணுக்கு எட்டிய வரை கருப்பு. நான் போனபோது தை பிறக்கச் சில நாள் இருந்தது. பாசியும் உளுந்தும் காய் முற்றி நின்றன. மக்காச்சோளத் தட்டை காய்ந்து சரசரத்தது. மிளகாய் வத்தல் போட்ட காடுகளில் செடி பழுக்க ஆரம்பித்திருந்தது. இந்தப் பக்கம் நிலத்தைக் காடு என்றுதான் சொல்வார்கள். புரட்டாசியில் மழைக்கு முன்னாலேயே காய்ந்த புழுதியில் விதையைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்க்கிற விவசாயம்.

1990-லிருந்து தமிழ்நாட்டில் பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம். அதற்காகப் போராடிய விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு 1984 டிசம்பரில் இந்தக் கரிசல் சீமையின் கோவில்பட்டியில்தான் காலமானார். இலவச மின்சாரம் மோட்டாருக்குள்தான் பாயும். மோட்டாருக்குக் கிணறு வேண்டும், கிணற்றுக்குத் தண்ணீர் வேண்டும். புதூரில் டீக்கடைக்காரரிடம் இதைச் சொன்னபோது, “எங்களுக்கும் இலவசம் உண்டு சார். மேல இருந்து வரும், வந்தா” என்று கையை உயர்த்திக் காட்டினார்.

கரிசலுக்கென்று இருக்கிற ஒரே பெரிய பிடிமானம் பயிர்க் காப்பீடு. வாய்வழக்கில் இன்சூரன்ஸ். 2016-ல் வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் ராபி பருவத்து உளுந்து, பாசிக்குக் காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம் விவசாயி கட்ட வேண்டும். வத்தல், வெங்காயத்துக்கு ஐந்து சதவீதம். மீதிப் பிரீமியம் அரசுகளுடையது. கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் வாங்கி, இ-சேவை மையத்தில் கட்டிவிட்டு வர வேண்டும். இழப்பீட்டைத் தனித்தனிக் காட்டைப் பார்த்துக் கணக்கிடுவதில்லை. ஊரையோ பிர்காவையோ ஓர் அலகாக வைத்து, சில இடங்களில் அறுத்து எடைபோட்டுப் பார்க்கிறார்கள். அந்தச் சராசரி, கடந்த ஏழு ஆண்டில் நல்ல ஐந்து ஆண்டின் சராசரியை வைத்துப் போட்ட உத்தரவாத மகசூலுக்குக் கீழே போனால்தான் பணம்.

டீக்கடைப் பெஞ்சில் இருந்த பெரியவர் அதை இன்னும் சுருக்கமாகச் சொன்னார். “ஓடைக்கு அந்தப் பக்கம் மழை பெஞ்சுட்டு. இந்தப் பக்கம் காஞ்சு போச்சு. ரெண்டையும் கூட்டி வகுத்தாக. எல்லாருக்கும் நல்லா வெளஞ்சுருக்குன்னு வந்துட்டு.” பக்கத்திலிருந்தவர் சிரித்தார்: “மாமா காட்டுல வெளஞ்சத அவுக காயிதத்துலதான் அறுத்தாக.”

பணம் வந்தாலும் எப்போது வருகிறது என்பதுதான் இங்கே பெரிய பேச்சு. ஒரு பருவத்தின் இழப்பீடு வருவதற்குள் அடுத்த விதைப்பு முடிந்துவிடுகிறது. விதைக்கும் உழவுக்கும் கடன் வாங்கியாகிவிட்டது. வருகிற பணம் வட்டிக்குப் போகிறது. காட்டுப்பன்றி அழிப்பதற்குக் காப்பீடு இல்லை என்பது இன்னொரு மனக்குறை. வனவிலங்குச் சேதத்தை 2026 காரிஃப் முதல் சேர்ப்பதாகப் 2025 நவம்பரில் மத்திய அரசு அறிவித்திருக்கிறது. பெரியவரிடம் சொன்னேன். நட்டத்தை மூன்று நாளுக்குள் செயலியில் படம் எடுத்துத் தெரிவிக்க வேண்டும் என்றும் சொன்னேன். “பன்னியையும் சேர்த்தா?” என்று கேட்டார்.

புதூரில் நான் பார்த்த இ-சேவை மையத்தில் கூட்டம் நிறைய. 2025 நவம்பரில் கோவையில் பிரதமர் விடுவித்த கிசான் 21-ஆம் தவணை வராதவர்கள். ஒருவருக்கு ஆதாரில் ஒரு இனிஷியல், பட்டாவில் வேறு. ஒருவருக்கு ஓ.டி.பி. வருகிற போன் மகனோடு திருப்பூரில் இருக்கிறது. மிச்சப்பேருக்குக் கூட்டுப் பட்டா. தாத்தா பெயரில் கிடக்கிற நிலத்தை ஆறு வீடு உழுகிறது. ஆறு வீடும் ஒருநாள் ஒன்றாகத் தாலுகா ஆபீஸுக்கு வந்தால்தான் தனித்தனியாகப் பிரியும். இத்தனை கெடுபிடி ஏன் என்றால் அதற்கும் ஒரு காரணம் உண்டு. 2020-ல் விண்ணப்பத்தை எளிதாக்கிவிட்டபோது கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் முதலான மாவட்டங்களில் நிலமே இல்லாத ஐந்தரை லட்சம் பேர்வரை தகுதியின்றிச் சேர்க்கப்பட்டார்கள். 110 கோடி ரூபாய் போனது. சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது, ஒப்பந்த ஊழியர்கள் பலர் வேலையிழந்தார்கள். அங்கே திறந்திருந்த கதவை இங்கே புதூரில் பூட்டியிருக்கிறார்கள். நிற்பவர்களில் பாதிப்பேர் அறுபதைத் தாண்டியவர்கள். இரண்டாயிரம் ரூபாய்க்கு ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு நிற்கிறார்கள், வராமல் போனால் இன்னொரு நாளும் நிற்பார்கள். ஏக்கருக்கு இத்தனை என்று கொடுக்கிற மாநிலங்களோடு பார்த்தால் இந்தத் திட்டத்தில் ஒரு நல்லது உண்டு: அரை ஏக்கருக்கும் ஐந்து ஏக்கருக்கும் ஒரே தொகை. நான் பார்த்த மானியங்களில் ஆற்றங்கரைக்கும் கரிசலுக்கும் சமமாக வருவது இது ஒன்றுதான்.

விளாத்திகுளத்திலிருந்து கிழக்கே குளத்தூர் வழியாக இறங்கினால் கடல். முத்துக்குளித்துறை என்று சொல்கிற கரையின் வடகோடி வேம்பார். அடுத்து வைப்பார். அங்கிருந்து வேப்பலோடை, தருவைக்குளம், தூத்துக்குடி. புதூர்க் கரிசலுக்கும் இந்தக் கரைக்கும் நடுவில் பஸ்ஸில் ஒரு தூக்கம் போடுகிற தூரம்தான். அரசுப் பதிவேட்டில் இரண்டும் வேறு வேறு இலாகா.

கடலுக்குப் பட்டா கிடையாது என்பதால் இங்கே பணத்தின் கணக்கே வேறு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்துக்குக் குடும்பத்துக்கு 8,000. மழைமாதக் குறைவு காலத்துக்கு 6,000. மீனவர் 1,500 கட்டினால் அரசுகள் 3,000 சேர்த்துத் திருப்பித் தருகிற சேமிப்பு நிவாரணம் தனி. வேப்பலோடைப் பாத்திகளில் மழைமாதங்களில் உப்பு விளையாது. அந்த மூன்று மாதத்துக்கு உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் என்று 2022-ல் மாநில அரசு தொடங்கியது. இதை மட்டும் நான் மனதாரப் பாராட்டுவேன். பாத்தியின் சொந்தக்காரரை விட்டுவிட்டு, உப்பு வாருகிறவரைப் பார்த்துக் கொடுத்த பணம் இது. வயலில் இன்னும் அப்படி ஒன்று வரவில்லை.

வைப்பாரில் வல்லத்தின் நிழலில் வலை பொத்துக்கொண்டிருந்த ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். அவர் வீட்டில் முன்பு சங்கு குளித்தவர்கள். முத்துக்குளிப்பு 1961-க்குப் பிறகு நடக்கவில்லை. கடலடிப் பார்களில் சிப்பி இல்லை. அவர் தாத்தா காலத்துக்கும் முந்தைய கதை ஒன்றை நான் சொன்னேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் முத்துக்குளிப்பு சர்க்கார் உரிமை. எடுத்த சிப்பியைக் கரையில் சர்க்கார் அடைத்து வைத்த கொட்டுக்குள் கொண்டுபோய் மூன்று சம குவியலாகக் குவிக்க வேண்டும். எந்தக் குவியல் குளிகாரருக்கு என்று அதிகாரி கைகாட்டுவார். மீதி இரண்டும் சர்க்காருக்கு. அன்று சாயங்காலமே ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என்று ஏலம். தங்கள் குவியலைக் குளிகாரர் வாசலிலேயே வியாபாரிகளிடம் விற்றுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். எந்தக் குவியல் தனக்கு என்று தெரியாததால் மூன்றையும் ஒழுங்காகத்தான் குவித்தாக வேண்டும்.

அநியாயம் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். ஊசியை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் யோசித்தார்.

“மூணுல ரெண்டு அவன் எடுத்துக்கிட்டான். சரி. மிச்சம் ஒண்ணு அன்னைக்கே கையில வந்துட்டுல்லா? ஆதார் கேக்கலையே?”